தழும்பு எந்தக் கன்னத்தில்

எங்கள் பேரன் பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. மூக்கு என்னுடைய மூக்கு என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் பார்வை மட்டும் அவன் அம்மாவைப் பெற்றவரின் பார்வை. ஜன்னலைப் பார்த்தால் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான். பாலுக்கு அழுவதைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்க்கிறான். அது என்ன என்று தெரியாமல் விடமாட்டான் போலிருக்கிறது.

அந்தப் பார்வைக்குச் சொந்தக்காரர் என் சம்பந்தி பாக்கியநாதன். ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகும் வழியில் இருக்கும் காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஆயில் இஞ்சின் ஓட்டினார். நானும் அதே எஸ்டேட்டில்தான் லாரிக்குக் கிளீனராக இருந்தேன். அவர் பெரிய மனிதர் இல்லை. அவரைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. எனக்கும் மூன்றாம் வகுப்புக்கு மேல் எழுத்து கிடையாது. இருந்தாலும் பேரன் படிக்கும் வயதில் நாங்கள் இரண்டு பேரும் இருப்போமோ என்னவோ, எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்டேட்டில் அவருக்கு 'ஏனுங்க' என்று ஒரு பெயர் உண்டு. எதைக் கண்டாலும் "ஏனுங்க, இது ஏன் இப்படி இருக்குது?" என்று கேட்பார். சந்தையில் குடை ரிப்பேர் செய்கிறவன் முன்னால் ஒரு மணி நேரம் நிற்பார். அவர் கையில் குடையே இருக்காது. மாதா கோயில் மணி ஒரு தரம் கணீரென்றும் அடுத்த தரம் மொக்கையாகவும் அடித்தது என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு, மேலே ஏறிப் பார்த்து, மணியின் நாக்குக்குக் கட்டியிருந்த கயிறு நழுவியிருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். வாய் அதிகம் கிடையாது. ஆனால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்வார். பெல்ட் அறுந்தால், மேனேஜர் கேட்பதற்கு முன்னால் "என்ற தப்புதானுங்க" என்று தன் மேலேயே போட்டுக்கொண்டு போய் நின்றுவிடுவார்.

இனிச் சொல்லப் போவது எழுபத்து நாலாம் வருஷம் நடந்தது.

அப்போது அவருக்கு முப்பது வயது. தச்சுவேலை மனுவேலின் மகள் செல்வமேரியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நாலு வருஷமாக மனதில் வைத்திருந்தார். அந்த வருஷம் காப்பிப் பழம் எடுத்து முடிகிற சமயத்தில்தான் வாய் திறந்தார், அதுவும் என் மூலமாக. மனுவேல் ஒரு மாதம் யோசித்துச் சரி என்றார். யோசித்ததற்குக் காரணம் இருந்தது. பாக்கியநாதனுக்கு முன்னால் அந்த இஞ்சினை ஓட்டியவர் மனுவேலின் கூடப்பிறந்த தம்பி. கண் மங்கிப்போனதை யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்து, ஓடுகிற பெல்ட்டில் கையைக் கொடுத்துவிட்டார். முழங்கைக்குக் கீழே இல்லை. அதிலிருந்து மனுவேலுக்கு அந்த இஞ்சின் கொட்டகைப் பக்கம் போவதே பிடிக்காது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது, பாஸ்கு என்கிற ஈஸ்டர் கழிந்துதான். அந்த வருஷம் கணக்குப் பார்த்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தால்தான் தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் முடியும். தவறினால் இரண்டு மாதம் தள்ளிப்போகும். அதற்குள் சேலத்தில் ஒரு மில்லுக்காரப் பையன் வீட்டிலிருந்து செல்வமேரியைக் கேட்டு ஆள் வருவதாக இருந்தது. இது பாக்கியநாதனுக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் அந்தப் படம் வந்தது.

மேனேஜர் தன் சிநேகிதர்களுக்குப் போட்டுக்காட்ட மதராசிலிருந்து ஒரு அமெரிக்காப் படம் வரவழைத்திருந்தார். இரண்டு பெரிய சுருள். சனிக்கிழமை அவர்கள் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை பெட்டி பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும். நடுவில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதாவது முதல் ஓலைக்கு ஒரு வாரம் முன்னால், பழம் எடுத்து முடித்த சந்தோஷத்துக்கு ஜனங்களும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

காப்பிக்கொட்டை மூட்டை அடுக்குகிற ஸ்டோரில்தான் படம். ஜன்னல்களைச் சாக்குப் போட்டு அடைத்தோம். ஸ்டோர் நீளமானது, ஆனால் அகலம் போதாது. இருநூறு பேர் ஒரே பக்கம் உட்கார முடியாது. அதனால் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒரு யோசனை சொன்னார். நட்ட நடுவில் துணியைக் கட்டு, படம் காட்டும் மிஷின் இருக்கிற பக்கம் பொம்பளைகளும் குழந்தைகளும், துணிக்கு அந்தப் பக்கம் ஆம்பளைகள். மெல்லிசான துணியை நனைத்துப் பிழிந்து கட்டினால் பின்னாலிருந்தும் படம் பளிச்சென்று தெரியும். அப்படியே செய்தோம். கரண்டு அப்போது ஸ்டோருக்கு வரவில்லை. இஞ்சினில் டைனமோ மாட்டித்தான் ஓட்ட வேண்டும். அது பாக்கியநாதன் பொறுப்பு.

படம் கறுப்பு வெள்ளை. பேச்சு எல்லாம் இங்கிலீசு. ரைட்டர் நடுநடுவே ஒரு வரி, இரண்டு வரி தமிழில் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது. அப்படி எடுத்திருந்தார்கள்.

தண்ணீர் தேங்கிய சதுப்புக் காட்டுக்குள் ஒரு பெரிய மரவீடு. மரங்களிலிருந்து நரைத்த தாடி மாதிரிப் பாசி தொங்குகிறது. வீட்டுக்காரம்மா ஒரு விதவை, கன்னத்தில் தீப்பட்ட தழும்பு. மாடிப்படிக்கு மேலே அவளுடைய படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. அதிலும் அந்தத் தழும்பை மறைக்காமல் வரைந்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ராங்கிக்காரி. அவளுக்கு அப்புறம் அந்த வீடு, அனாதையாக வந்து சேர்ந்த அண்ணன் மகளுக்கு. ஒரு நாள் அந்தம்மா தனியாகப் படகில் போகிறாள். படகு மட்டும் திரும்பி வருகிறது. துடுப்பு தண்ணீரில் மெல்லச் சுற்றுகிறது. அதோடு முதல் சுருள் முடிந்தது.

இரண்டாவது சுருளில் அந்தப் பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். கடிகாரச் சத்தம். படியில் ஒரு சொட்டுத் தண்ணீர். இன்னொரு சொட்டு. விளக்கு ஒன்று மேலிருந்து இறங்கி வருகிறது. செத்துப்போன அத்தைதான், ஈரப் பாவாடையோடு, தழும்பு பளபளக்க. தினமும் வருகிறாள். அந்தப் பெண் பைத்தியம் பிடிக்கிற நிலைக்குப் போய்விடுகிறாள். கடைசியில் ஒரு டாக்டர் வந்து, இறங்கி வருகிறவளையும் சுவரில் இருக்கிற படத்தையும் (அந்தப் படத்தை இந்தச் சுருளில் நமக்குக் காட்டவே இல்லை, அவர் கண் போவதுதான் தெரிகிறது) மாறிமாறிப் பார்த்துவிட்டு, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறார். ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைக்கிறார். தழும்பு துணியோடு வந்துவிடுகிறது! அவள் அத்தையே இல்லை. வீட்டை அபகரிக்க நினைத்த வக்கீலின் தங்கை, வேஷம் போட்டு வந்தவள்.

படம் முடிந்து வெளியே வந்தோம். டீ கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே பேச்சு.

பாக்கியநாதன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையாக நின்றார். "படம் நொம்ப நல்ல படந்தானுங்க. ஆனா ஒண்ணு மட்டும் வெளங்கல. அந்த டாக்டரு எதை வெச்சுக் கண்டுபிடிச்சாரு? அச்சு அசலா அதே மாதிரித்தான் வேசம் போட்டிருந்தா."

பழம் எடுக்கிற குப்பாயி பக்கத்தில் நின்றாள். அவள் வாயில் விழுந்து எழுந்திருப்பது கஷ்டம். "ஏனுங்க ஏனுங்க! கண்ணத் தொறந்து பாத்தீங்களா, மூடிக்கிட்டுப் பாத்தீங்களா? தழும்புதான் கன்னம் மாறிப் போச்சே!"

"எங்கீங்க மாறுச்சு? அதே கன்னந்தான்."

"மொதல்ல அந்தம்மாவுக்கு எடது கன்னம். படியில எறங்கறவளுக்கு வலது கன்னம். மேல இருக்கற படத்தையும் கண்ணாடியவும் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பூசியிருக்கறா, பக்கம் மாறிப் போச்சு. அதைத்தான டாக்டரு கண்டுபிடிக்கறாரு! படியில மொதல் கால் வெக்கறப்பவே இவ வேற ஒருத்தின்னு நான் சொல்லிப்போட்டேன். கேட்டுப் பாருங்க."

லாரி டிரைவர் வேடியப்பன் குறுக்கே வந்தான். "அக்கா, மாறுனது நெசம். ஆனா நீ தலைகீழாச் சொல்ற. மொதல்ல வலது, பொறவுதான் எடது."

"யாரு தலைகீழாச் சொல்றது? எடது கையில கூடையப் புடிச்சு வலது கையில பழம் எடுக்கறவ நான். எனக்கா எடது வலது தெரியாது?"

"நான் ஸ்டேரிங் புடிக்கறவன். எனக்குத் தெரியாதா?"

பாக்கியநாதன் சிரித்தார். அவர் சிரிப்பதே அபூர்வம். "பாத்தீங்களா? மாறுச்சு மாறுச்சுன்னு சொல்றவங்களுக்கே எதுலருந்து எதுக்கு மாறுச்சுன்னு தெரியல. நான் ரெண்டு தடவையும் நல்லாப் பாத்தனுங்க. ரெண்டு தடவையும் எடது கன்னந்தான்."

அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. அதுவரை ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு தரப்பும் ஒன்றாக அவர் மேல் திரும்பினார்கள்.

மறுநாள் காலை பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், இதே பேச்சுதான். பொம்பளைகள் அத்தனை பேரும் இடதிலிருந்து வலது என்றார்கள். ஆம்பளைகள் அத்தனை பேரும் வலதிலிருந்து இடது என்றோம். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. என் வீட்டிலேயே அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. ஆனால் தழும்பு மாறியது என்பதில் இருநூறு பேருக்கும் சந்தேகமில்லை. மாறவில்லை என்றவர் ஒரே ஒருத்தர்.

"இஞ்சின்காரருக்குக் கண்ணு போச்சு" என்று யாரோ சொன்னார்கள். வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். நானும் சொல்லிச் சிரித்தேன், இதை மறைக்கக் கூடாது. அது மனுவேலின் காதுக்குப் போகும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலமே மனுவேல் இஞ்சின் கொட்டகைக்கு வந்தார். பல வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் வருகிறார். உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றார்.

"பாக்கியநாதா, தழும்பு மாறுச்சா மாறலையா?"

"மாறலீங்க மாமா."

"கொழந்தைங்க கூட மாறுச்சுங்குது."

"நான் பாத்ததைத்தானுங்க சொல்ல முடியும்."

மனுவேல் பெல்ட்டைப் பார்த்தார். "என்ற தம்பியும் இப்படித்தான். நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுதுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். இன்னொரு மொட்டைக் கையை என்ற ஊட்ல பாக்க எனக்குத் தெம்பு இல்ல. ஞாயித்துக்கெழமை ஓலை வேண்டாம். பாக்கலாம்."

'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை லீவு போட்டு, முதல் பஸ்ஸில் நானும் பாக்கியநாதனும் சேலத்துக்கு இறங்கினோம். ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். எழுத்து தெரியாதவர்களுக்கு ஒரு அட்டை வைத்திருந்தார்கள். சீப்பு மாதிரி ஒரு குறி, பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் கை காட்ட வேண்டும். பாக்கியநாதன் மேல் வரிசையிலிருந்து கடைசிப் பொடி வரிசை வரை தவறாமல் காட்டினார். டாக்டர் அதற்குக் கீழே அச்சுப் போட்டவர் பெயர் இருந்த இடத்தைக் காட்டி, "அதையும் சொல்வீர் போலிருக்கே" என்றார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பஸ் வளைவு வளைவாக மேலே ஏறும்போது பாக்கியநாதன் அந்தச் சீட்டை நாலைந்து தரம் எடுத்துப் பார்த்தார். எனக்கும் சந்தோஷம். வேலை முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு பேருக்கும் புத்தி அவ்வளவுதான்.

மனுவேல் சீட்டை வாங்கி ரைட்டரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். முகம் இன்னும் கறுத்துப்போயிற்று.

"அப்பக் கண்ணு நல்லாருக்குது."

"ஆமாங்க மாமா."

"கண்ணு நல்லாருந்தும் மாறலைன்னு சொல்றயா? அப்பப் பொய்யாடா சொல்ற? கண்ணு கெட்டிருந்தாக் கண்ணாடி போட்டுக்கலாம். இதுக்கு என்னத்தப் போடறது?"

பாக்கியநாதன் சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் செல்வமேரி நின்றிருந்தாள். நாங்கள் திரும்பும்போது வேலியோரம் வந்தாள். இருபத்து மூன்று வயது, பயம் கிடையாது. நான் இருப்பதையும் பொருட்படுத்தாமல் நேராகக் கேட்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. தோத்துப்போகக் கூடாதுன்னு சொல்றீங்களா, இல்ல நெசமா அப்படித்தான் தெரிஞ்சுதா?"

"நெசமா அப்படித்தான் தெரிஞ்சுது செல்வமேரி."

"நான் ரெண்டு கண்ணால பாத்தேன், மாறுச்சு."

"நானும் ரெண்டு கண்ணாலதான் பாத்தேன்."

"அப்ப ஏன்னு கண்டுபிடிங்க. ஊர்ல இருக்கறதுக்கெல்லாம் ஏனுங்க ஏனுங்கன்னு கேக்கறீங்க, இதுக்குக் கேக்கக் கூடாதா? மாறுச்சுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிப்போட்டு வந்தீங்கன்னா அப்பா ஒத்துக்குவாரு. ஆனா எனக்கு அது வேண்டாம்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் வழியெல்லாம் அதைத்தான் சொன்னேன். "ஏப்பா பாக்கியம், மாறுச்சுன்னு சொல்லிட்டுப் போயேன். ஒரு படத்துக்காகப் பொண்ணை விடுவாங்களா?"

"மாறலையேப்பா" என்றார். அவ்வளவுதான்.

படத்தை மறுபடி பார்க்கவும் வழியில்லை. பெட்டி திங்கட்கிழமையே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை இஞ்சின் கொட்டகையில் டைனமோவைக் கழற்றிவிட்டு, பழம் உரிக்கிற பல்பருக்குப் பழைய பெல்ட்டை மாட்ட வேண்டியிருந்தது. ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார். பெரிய சக்கரத்துக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர். பெல்ட்டை விளிம்பில் வைத்துக்கொண்டு, "மெல்ல வலப்பக்கம் சுத்து" என்றார்.

சுற்றினேன். பெல்ட் நழுவி விழுந்தது.

"வலப்பக்கம்னு சொன்னேன்."

"வலப்பக்கந்தான்யா சுத்தினேன்."

"நீ எடப்பக்கம் சுத்தற."

"யோவ், இது என்ற வலது கை. இந்தப் பக்கந்தான் சுத்தினேன். ஊரே சொல்றது சரிதான் போல, உனக்கு..." நான் முடிக்கவில்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பெல்ட்டைக் கீழே போட்டார். சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்ற விட்டார். என் பக்கம் வந்து நின்று பார்த்தார். திரும்ப அவர் பக்கம் போய்ப் பார்த்தார். இப்படி நாலு தரம். பத்து வருஷமாக அந்தச் சக்கரத்தோடு இருக்கிறவர், இன்றைக்குத்தான் வாங்கி வந்தது போலப் பார்த்தார்.

"அருள்சாமி, படம் பாக்கறப்ப நான் எங்க உக்காந்திருந்தேன்?"

"என்ற பக்கத்துல. இடமில்லாத எடத்துல இடிச்சுக்கிட்டு வந்து உக்காந்தயே."

"எப்ப வந்தேன்?"

யோசித்தேன். "ரெண்டாவது சுருள் போடறப்ப."

"அதுக்கு முன்னாடி?"

அதுக்கு முன்னாடி அவர் எங்கள் பக்கமே இல்லை. டைனமோவிலிருந்து வந்த கம்பியைக் கவனிக்க மிஷினுக்குப் பக்கத்தில், பொம்பளைகள் பக்கம் நின்றிருந்தார். முதல் சுருள் முடிந்து மிஷினை நிறுத்தியதும் பாரம் குறைந்து இஞ்சின் வேகம் எடுத்தது. சத்தம் கேட்டு ஓடினார். சரிசெய்துவிட்டு, கொட்டகைக்குக் கிட்ட இருந்த பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். அது ஆம்பளைகள் பக்கம். அந்த அவசரத்தில், துணிக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று யார் யோசிப்பார்கள்?

"முன்பக்கம் எடதுன்னா, பின்பக்கம் வலது" என்று சக்கரத்தைப் பார்த்தே பேசினார். "பொம்பளைங்க சொன்னதும் சரி. நீங்க சொன்னதும் சரி. தழும்பு மாறுன அதே நேரத்துல நானும் பக்கம் மாறிட்டேன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுப்போட்டுது."

எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் மனுவேலின் பட்டறைக்குப் போனோம். சாயங்காலத்துக்குள் சாமியாரிடம் பேர் கொடுத்தால்தான் ஞாயிறு ஓலை. பாக்கியநாதன் இரண்டு மெல்லிய வேட்டித் துண்டு கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் ஒரு பொம்பளை முகம். அழகு என்று சொல்ல முடியாது. ஒன்றில் இடது கன்னத்தில் கீறல், மற்றதில் வலது கன்னத்தில்.

"என்னடா கூத்து இது?" என்றார் மனுவேல்.

"அஞ்சு நிமிசம் குடுங்க மாமா."

முதல் துணியை நனைத்துப் பட்டறை வாசலில் கட்டினார். வெயில் பட்டதும் இரண்டு பக்கமும் முகம் தெரிந்தது. மனுவேல் வெளியே, செல்வமேரி உள்ளே.

"எந்தக் கன்னமுங்க மாமா?"

"எடது."

"வலது" என்றாள் செல்வமேரி உள்ளேயிருந்து. சொன்னதும் அவளுக்கே என்னவோ பட்டிருக்க வேண்டும். துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள். மறுபடி உள்ளே ஓடினாள்.

மனுவேலும் உள்ளே போய்ப் பார்த்தார். "சரி. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடந்த சண்டை தீந்துது. உன்ற கதை என்ன?"

"இப்ப வெளிய நின்னு இந்தத் துணியப் பாத்துக்குங்க. பாத்தாச்சா? உள்ள வாங்க." அவர் உள்ளே நடக்கிற நேரத்தில் பாக்கியநாதன் துணியை மாற்றிக் கட்டினார். "இது வேற பொம்பளைங்க. கன்னம் மாத்திப் போட்டிருக்கறேன். எந்தக் கன்னம்?"

மனுவேல் பார்த்தார். "எடது." வெளியே போனார். அங்கிருந்து பார்த்தால் வலது. உள்ளே வந்தார். இடது. மூன்று தரம் இப்படிப் போய்வந்தார், மரத்துக்கு மட்டம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"ஆனா நீ பக்கம் மாறினதை யாரு பாத்தது?"

என்னைப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க நான்தான் அதிகம் சிரித்தவன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும், தெரிந்தும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. "நான் பாத்தனுங்க" என்றேன். "ரெண்டாவது சுருளுக்குத்தான் எங்க பக்கம் வந்தாரு. வந்து உக்காந்து, படியில அந்த வெளக்கு எறங்கினப்ப என்ற முழங்காலைப் புடிச்சாரு பாருங்க, ரெண்டு நாளைக்கு வலி. நாங்கெல்லாம் 'வேற ஆளு, வேற ஆளு'ன்னு பேசிக்கிட்டிருந்தோம். இவரு மட்டும் மூச்சு வுடல."

மனுவேல் கரித்துணியைத் தொட்டார். விரலில் கறுப்பு ஒட்டியது. "நானும் வலதிலிருந்து எடதுன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்" என்றார். "என்ற கண்ணும் இப்படிச் செய்யுதே." பிறகு தோளில் கிடந்த துண்டை உதறி, "நாழி ஆகுது, சாமியார் செபத்துக்குப் போயிருவாரு. கெளம்புங்க" என்றார்.

செல்வமேரி நகரவில்லை.

"இருங்கப்பா." பாக்கியநாதனைப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு மட்டும், எறங்கி வந்தவ நெசமாலுமே அந்த அத்தைதானா? செத்துப்போன அதே பொம்பளையா?"

"ஆமா. கடைசியில டாக்டரு தொடைக்கற வரைக்கும்."

"பயந்தீங்களா?"

"நொம்ப."

"எங்களுக்கு ஒண்ணுமே ஆகல" என்றாள். குரலில் ஒரு குறை தெரிந்தது. "குப்பாயக்கா மொதல் படியிலயே இவ வேற ஒருத்தின்னு சொல்லிப்போட்டா. பொறவு யாரு, எதுக்கு வேசம் போடறான்னுதான் பாத்தோம். பேய் வரவேயில்ல. எல்லாரையும் வுட்டுப்போட்டு உங்களுக்கு மட்டும் வந்திருக்குது." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க பாத்த படத்தை எனக்குச் சொல்லணும். ஒண்ணு வுடாம."

"கல்யாணத்துக்கப்பறம் சொல்லிக்கிட்டாப் போவுது" என்றார் மனுவேல்.

"இல்லப்பா. இப்ப. நடந்துக்கிட்டே சொல்லட்டும்."

ஏற்காட்டுக்கு மூன்று மைல். மனுவேலும் நானும் முன்னால், அவர்கள் இரண்டு பேரும் நாலடி பின்னால். பாக்கியநாதன் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, அப்புறமும் கேட்டதில்லை. பாசி எப்படித் தொங்கியது, படகு திரும்பி வரும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்கியது, துடுப்பு எத்தனை சுற்றுச் சுற்றியது, எல்லாம் சொன்னார். இஞ்சினைப் பிரித்துத் துணியில் பரப்பி வைப்பது போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நடுவில் அவள் கேட்பாள்: "அப்பக் கடியாரம் அடிச்சுதா?" "அடிக்கல. ஓடற சத்தம் மட்டுந்தான். அது நின்னிருந்தாக்கூடப் பயமில்ல." முதல் சுருள் முடிய முக்கால் தூரம் ஆகிவிட்டது. முன்னால் போன மனுவேலின் நடையும் குறைந்துகொண்டே வந்தது. ஏரிக்கரை திரும்பும்போது நாலடி இடைவெளி இல்லை, நாலு பேரும் ஒன்றாகத்தான் நடந்தோம். பனிமஞ்சு இறங்க ஆரம்பித்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். ஒரு சொட்டு என்றார். அப்புறம் சும்மா நடந்தார். இன்னொரு சொட்டு என்றார். நான் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவன். எனக்கே பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கதை முடிவதற்குள் சாமியார் வீடு வந்துவிட்டது. அவர் பெரிய நோட்டைத் திறந்து, பேனாவும் கையுமாகத் தயாராக உட்கார்ந்தார்.

"பெண்ணின் பெயர் சொல்லும்மா."

செல்வமேரி பாக்கியநாதனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிச் சாமியாரைத் தடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க சாமி. அவ படியில எறங்கிக்கிட்டிருக்கறா."